ஒரு நாள் மஞ்சள்

தேஹு ரோடு, புனே
14.6.2008

மைத்துனர் சுப்ரமணியன் அவர்களுக்கு,

கந்தசாமி எழுதுவது. என் மகள் காவ்யாவின் வலது கண்ணைக் கெடுத்தது நீங்கள். நலம் விசாரிப்பதெல்லாம் அப்புறம்.

தை மாதம் அவளுக்கு ஜன்னல் கம்பி வளைந்து தெரிந்தது. உங்கள் அம்மாவுக்கும் உங்கள் அக்கா பவுனுக்கும் உள்ள அதே விழித்திரை நோய்தான். ஆனாலும் அடியில் புது ரத்தக்குழாய் முளைத்திருக்கிறதா என்று பார்க்க, கையில் சாயம் ஏற்றிக் கண்ணைப் படமெடுக்க வேண்டும் என்று டாக்டரம்மா நாள் குறித்தார். சாயம் ஏற்றினால் ஒரு நாள் உடம்பு மஞ்சளாக இருக்குமாம். மறுநாள் முரளியோடு அவளுக்கு நிச்சயதார்த்தம். திருப்பத்தூரிலிருந்து வந்திறங்கிய நீங்கள், "காமாலைக்காரி மாதிரி முரளி வீட்டுக்காரங்க எதிர்ல நிப்பாளா? நம்ம வீட்டுக் கண்ணே அப்படித்தான், விடுங்க மாமா" என்று சொல்லி, ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து நிறுத்தினீர்கள். தாய்மாமன் சொல்லாயிற்றே, பவுனும் தலையாட்டிவிட்டாள். நலங்கில் பூசினால் அழகு, மருந்தில் வந்தால் அசிங்கமா அந்த மஞ்சள்?

சித்திரையில் மறுபடி கேட்டேன். கல்யாணம் முடியட்டும் என்றீர்கள். போன வாரம் அரிசியில் கல் பொறுக்கும்போது, முறத்தின் நடுவே கறுப்பாக இருக்கிறது என்றாள்.

செவ்வாய்க்கிழமை படமெடுத்தார்கள். திரையில் நானே பார்த்தேன். மையொற்றும் தாளில் மை பரவுவதுபோல் சாயம் கசிந்திருந்தது. ரிப்போர்ட்டை அகராதி வைத்து வரிவரியாகப் படித்தேன். வலது கண்ணில் ரத்தம் கசிந்து தழும்பாகிவிட்டது. பரம்பரை நோயை மாற்ற முடியாது, அந்தக் குழாயைத் தையிலேயே பார்த்திருந்தால் ஊசி போட்டு அடக்கப் பார்த்திருக்கலாம் என்றார் டாக்டரம்மா. இடது கண்ணிலும் இப்போது சின்னதாக ஒரு கசிவு.

ராணுவ டிப்போவில் முப்பத்திரண்டு வருஷம் சரக்குப் பெட்டியைத் திறந்து பார்க்காமல் நான் கையெழுத்துப் போட்டதில்லை. அன்று உங்கள் பேச்சைக் கேட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தேன்.

திங்கட்கிழமை இடது கண்ணுக்கு ஊசி. அழைத்துப் போவதும், மாதாமாதம் படமெடுக்க வைப்பதும் என் வேலை. சாங்விக்குப் போய் முரளி வீட்டில் உண்மையைச் சொல்ல வேண்டியது, சம்பந்தம் பேசிய நீங்கள். வேண்டாமென்றால் அவர்கள் சொல்லட்டும், காவ்யா தாங்குவாள். உங்கள் மகள் ராஜிக்கும் இதே ரத்தம்தான். இன்றே அவளை ஒவ்வொரு கண்ணாக மூடி ஜன்னல் கம்பியைப் பார்க்கச் சொல்லுங்கள். எப்படித் தெரிந்தாலும் அடுத்த ரயிலில் அழைத்து வாருங்கள், ஸ்டேஷனில் நான் நிற்பேன். அவளைப் பெண் பார்க்க யார் வருவதாக இருந்தாலும் அவர்களைத் தள்ளிப் போடுங்கள், படத்தை அல்ல.

அந்தக் குழந்தைக்காவது கம்பிகள் நேராகத் தெரியட்டும்.

இப்படிக்கு,
கந்தசாமி