நீல வளையமும் காப்பி நிற வளையமும்

மாமா,

இன்று பட்டறையில் வார்னிஷ் டின்னைத் திறந்தார்கள். மோட்டாருக்குச் செம்புக் கம்பியால் காயில் சுற்றி முடித்ததும் பூசுகிற வார்னிஷ்தான். தினமும் முகர்கிற வாசனைதான். ஆனால் இன்று அதில் உங்கள் பசையின் வாசனையும் சேர்ந்து வந்தது. பிளாஸ்டிக்கை உருக்கி ஒட்டுமே, அந்தப் பசை. என் கையில் இருந்த செம்புக் கம்பி அறுந்துபோனது. பக்கத்தில் இருந்த அக்கா, "என்ன கண்ணு, தூக்கமா?" என்றார். புதுக் கம்பியை எடுத்துக்கொண்டேன். உங்களிடம்தான் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை நடந்ததை வேறு யாரிடம் சொன்னாலும் முதலில் இருந்து விளக்க வேண்டியிருக்கும்.

பெரியநாயக்கன்பாளையத்து வீட்டில் எங்களோடு நீங்கள் தங்கியிருந்த வருடங்களில், உங்கள் லேத் வேலையைவிட உங்கள் பிளாஸ்டிக் விமான மாதிரிகளைப் பற்றித்தான் அம்மா அதிகம் திட்டினார். வலது கையில் இரண்டு விரல்களின் நுனியை பிரஸ் மெஷின் எடுத்துக்கொண்டிருந்தது. அந்தக் கையை வைத்துக்கொண்டு, நிஜ விமானத்தில் எழுபத்திரண்டில் ஒரு பங்கு அளவுள்ள போர் விமானத்தை ஒட்ட உட்கார்ந்தீர்கள்.

"ஏன்டா, நாப்பது வயசுல பொம்ம ஒட்டறே. செரி, ஒட்டறதயாவது நேரா ஒட்டக்கூடாதா? கோழி றெக்கையாட்ட தொங்குது பாரு."

"அக்கா, அது திரும்புற மாதிரி வெச்சிருக்கறனுங்க்கா."

அப்போது நான் பத்தாவதோடு பள்ளியை விட்டு வீட்டில் இருந்தேன். வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். பிறகு போகவே முடியவில்லை. அன்று நீங்கள் டீ குடிக்கப் போன நேரத்தில், பசை காய்வதற்குள் அந்த இறக்கையை எடுத்து நேராக்கி வைத்தேன். திரும்பி வந்து, ஒரு கண்ணை மூடி இறக்கையை அளந்து பார்த்தீர்கள். "அம்மணி, இனி ஒட்டறது நீ. பேசறது நானு" என்றீர்கள். அப்படித்தான் நடந்தது.

ஏவுகணைகள்தான் எனக்குப் பிடித்த வேலை. இறக்கை நுனிக்கு ஒன்றாக இரண்டு. தீக்குச்சி அளவுதான் இருக்கும். அதன் உடம்பைச் சுற்றி வளையம் போட வேண்டும். வெடிமருந்து இருந்தால் மஞ்சள். பின்னாலிருந்து தள்ளுகிற மோட்டார் இருந்தால் காப்பி நிறம். பழகுவதற்கு மட்டும் மாட்டிக்கொண்டு போகிறதற்கு நீலம். அதற்குள்ளே மருந்தும் கிடையாது, மோட்டாரும் கிடையாது. தூரிகையைச் சுற்றினால் கோடு கோணலாகும் என்று ஏவுகணையைக் கை டிரில்லின் வாயில் கவ்வவைத்தீர்கள். நீங்கள் மெதுவாகச் சுற்றுவீர்கள். நான் தூரிகையை அசைக்காமல் தொடுவேன். நீங்களும் நானும் அந்த நேரத்தில் மூச்சுவிட மாட்டோம்.

ஆர்.எஸ்.புரத்தில் வருடத்துக்கு ஒருமுறை இந்த விமானப் பைத்தியங்கள் கூடுவார்கள். முதல் தடவை போனபோது, விமானத்துக்கு முன்னால் வைக்கிற சீட்டில் செய்தவர் என்று என் பெயரை எழுதப் போனீர்கள். உங்கள் சட்டையைப் பிடித்து இழுத்தேன். அழுதுவிடுவேன் என்று தெரிந்ததும் உங்கள் பெயரை எழுதினீர்கள். "நீயா வாயத் தொறந்து சொல்ற வரைக்கும் நான் சொல்ல மாட்டேன் கண்ணு" என்றீர்கள்.

அன்றுதான் அந்தத் தப்பும் பிடிபட்டது. நீல வளையம் போட்டு முடித்தபின், பின்பக்கம் வெறுமையாக இருக்கிறதே என்று காப்பி நிறத்திலும் ஒன்று போட்டிருந்தேன். நீங்கள் வேண்டாம் என்றீர்கள். அழகாக இருக்கிறது என்று நான்தான் கேட்கவில்லை. விமானப்படையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அந்தக் கண்ணாடிக்காரர் குனிந்து பார்த்தார். "ஏனுங்க, மோட்டாரே இல்லாத சாமானுக்கு மோட்டார் வளையம் எதுக்குங்க?"

"என்ற தப்புங்க. நெனப்பு எங்கியோ இருந்துபோச்சுங்க" என்று பழியை ஏற்றுக்கொண்டீர்கள், கண் இமைக்காமல். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் உங்கள் முதுகுக்குப் பின்னால் நின்றேன்.

அடுத்தடுத்த வருடங்களில் பாராட்டும் உங்களுக்கே வந்தது. வீட்டுக்கு வந்ததும் என்னை உட்காரவைத்து, யார் என்ன சொன்னார்கள் என்பதை ஒரு வார்த்தை விடாமல் ஒப்பிப்பீர்கள். அவர்கள் எப்படித் தலையாட்டினார்கள் என்பதைக்கூட நடித்துக் காட்டுவீர்கள்.

நெஞ்சுவலி வந்து நீங்கள் போய் ஐந்து மாதம் ஆகிறது. இந்த வருடக் கூட்டத்துக்கு உங்கள் விமானங்களை எல்லாம் கொண்டுவரச் சொல்லி அம்மாவுக்குப் போன் செய்தார்கள். ஞாயிற்றுக்கிழமை போனால், ஒரு மேசை முழுக்க உங்களுக்கே ஒதுக்கியிருந்தார்கள். போட்டோ, மாலை, எல்லா விமானங்களுக்கும் முன்னால் உங்கள் பெயர். கடைசி விமானம் பாதியில் நின்றிருந்தது. இறக்கை நுனிகள் காலி, ஏவுகணைகள் இரண்டும் தீப்பெட்டிக்குள் இருந்தன.

கூட்டத்தை நடத்துகிறவர் கண்ணாடிக்காரரிடம், "இத நீங்களே முடிச்சுப்போடுங்க. அவரு கைக்குச் செய்யற மரியாதைங்க" என்றார். அவர் தீப்பெட்டியை எடுத்துச் சட்டைப்பையில் போடப் போனார். அது போனால் எல்லாமே போய்விடும், மாமா. நான் செய்தவை எப்போதைக்குமே நான் செய்யாதவை ஆகிவிடும். வகுப்பில் வாசிக்க எழுந்த மாதிரி நிமிர்ந்து நின்றேன்.

"நாந்தானுங்க ஒட்டினேன்."

யாருக்கும் கேட்கவில்லை. இன்னொரு முறை சொன்னேன். "எல்லாமே நாந்தானுங்க ஒட்டினேன்."

"பாவம், மாமன் போன துக்கத்துல பேசுது" என்றார் ஒருவர். அம்மாகூட, வேண்டாம் என்பதுபோல என் கையைப் பிடித்தார். அப்போது எனக்குக் கோபம் வந்தது.

"அந்தக் காப்பிக் கலர் வளையமும் நாந்தானுங்க போட்டேன். மாமா வேண்டான்னு சொன்னாருங்க."

கண்ணாடிக்காரர் நிமிர்ந்தார். "அவரு என்ற தப்புன்னு சொன்னாரே?"

"பொய் சொன்னாருங்க."

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. காயில் சுற்றிக் காய்த்துப்போன என் விரல்களைப் பார்த்தார். பிறகு உங்கள் போட்டோவைத் திரும்பிப் பார்த்து, "ஆளு கெட்டிக்காரனப்பா, என்னையே ஏமாத்திப்போட்டான்" என்று சிரித்தார். தீப்பெட்டியை என் பக்கம் நகர்த்தினார். உங்கள் பெயர்ச் சீட்டுகளை அவர் எடுக்கப் போனபோது நான் தடுத்தேன். உங்கள் பெயருக்குக் கீழே என் பெயரை நானே எழுதினேன்.

நேற்று அந்த விமானத்தை முடித்தேன். டிரில்லை அம்மா சுற்றினார், கைமுறுக்கு சுற்றுகிற வேகத்தில்; வளையத்தை மூன்று தடவை அழித்துப் போட வேண்டியிருந்தது. வலது ஏவுகணை மயிரிழை அளவு கீழே சாய்ந்திருக்கிறது. அம்மாவுக்குத் தெரியவில்லை. அடுத்த வருடம் கண்ணாடிக்காரருக்குத் தெரியும். கழற்றி ஒட்டலாம் என்று சின்ன இடுக்கியை எடுத்தேன், பிறகு வைத்துவிட்டேன். அவர் கேட்கட்டும். "என்ற தப்புங்க" என்று சொல்லிக்கொள்கிறேன்.