பாங்குக்குக் குறைத்த சத்தம்

சனிக்கிழமை, இரவு

சந்தோஷம் தாளவில்லை, தூக்கமும் வரவில்லை. இன்று என் அண்ணன், காக்கா, அந்த விண்வெளிப் படத்தின் இரண்டாம் பாகத்தைக் கொண்டுவந்தார். இங்கிலீஷ் ஆசிரியர் அல்லவா, நிமிடத்துக்கு ஒருதரம் படத்தை நிறுத்தி எனக்கு வசனத்துக்கு அர்த்தம் சொன்னார்.

"படத்தைப் பாக்க விடுங்க காக்கா, எனக்கு விளங்குது."

"இங்கிலீசு தெரியாம உனக்கு என்ன புள்ள விளங்கும்?" என்று சிரித்தார்.

பள்ளிவாசலில் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். அந்த நேரம் எங்கள் வீட்டில் டிவி சத்தம் கேட்கக்கூடாது. முழுதாகக் குறைத்தேன். படம் மட்டும் ஓடியது. முதல் பாகத்தில் பச்சையாக இருந்த கிரகம், வேளாண்மை வெட்டிய வயல்போல் வெளுத்துக் கிடந்தது. கப்பல் தலைவி, போன பாகத்தில் இறந்த மகனின் சின்னத் தலைக்கவசத்தைத் துடைத்துப் பக்கத்து இருக்கையில் வைத்தாள். அதற்கு பெல்ட்டும் போட்டுவிட்டாள். பிறகு கப்பலைக் கிளப்பினாள்.

காக்கா சாரன் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பாவம், இவ இனித் திரும்பி வரமாட்டா" என்றார்.

"அப்படி ஆரு காக்கா சொன்ன?" என்று கேட்டேன்.

அப்போதுதான் என் கையிலிருந்த ரிமோட்டைப் பார்த்தார். பாங்கு முடிந்து கால்மணி நேரம் ஆகியிருந்தது.