வரிசையில் வதனிக்கு ஓர் இடம்

என் அன்பு நரியாருக்கு,

இவ்வளவு பிந்தி எழுதுவதற்கு மன்னித்துக்கொள், வதனி. மணி பதினொன்று தாண்டிவிட்டது. ஏணைக் கயிற்றைக் காலால் இழுத்தபடி எழுதுகிறேன். மகன் இப்போதுதான் கண்ணயர்ந்தான். பகலில் எழுதியிருக்கலாம்தான். பகலில் எனக்கு இரண்டு கை போதுவதில்லை.

சித்திரையில் வரும் உன் மூன்றாம் ஆண்டு நினைவு மலருக்கு எங்கள் வகுப்புக்காரர் ஆளுக்கொரு பக்கம் எழுதுகிறார்கள். "சுபா, நீதானே அவளோடை கூடத் திரிஞ்சனி, நீ கட்டாயம் எழுதவேணும்" என்றார்கள். உன் சிரிப்பைப் பற்றியும் நீ கடன் வாங்கிக் கிழித்த என் குறிப்புப் புத்தகங்களைப் பற்றியும் எழுதத்தான் இருந்தேன். ஆனால் போன சனிக்கிழமை ஒன்று நடந்துவிட்டது. அதை உன்னிடம் சொல்லாமல் மற்றது ஒன்றும் எழுத வருகுதில்லை. மலரை வாசிக்கிறவர்களும் வாசிக்கட்டும். நான் செய்தது சரியா பிழையா என்று யாராவது ஒருவர் சொன்னாலும் நல்லது. எனக்குத் தெரியவில்லை.

முதலில் நல்ல செய்தி. எங்கள் நாடகம் திரும்ப வந்திருக்கிறது! பல்கலைக்கழக வளாகத்தில் இரண்டாம் வருடம் நீ நரியாகவும் நான் மூன்றாவது மரமாகவும் நின்றோமே, அதே நாடகம். இப்போது ஒரு பெரிய குழு எடுத்து, புதுப் பாட்டுகள் சேர்த்து, நல்ல வெளிச்சமெல்லாம் போட்டு ஆடுகிறார்கள். சனம் அள்ளுப்படுகிறது. மண்டப வாசலில் நின்று திரும்பிப் போனவர்கள்தான் அதிகம் என்கிறார்கள்.

உன் வால் விழுந்த கட்டத்தை அவர்கள் வெட்டவில்லையாம். நினைவிருக்கிறதா? வீடு கூட்டுகிற தும்புக்கட்டையை உரித்துச் செய்த வால். ராசாவின் சபையில் நடுவழியில் கழன்று விழுந்தது. நீ குனிந்து எடுத்தாய். தூசி தட்டினாய். அதைச் சால்வை மாதிரித் தோளில் போட்டுக்கொண்டு, பரிசளிப்பு விழாவுக்கு வந்த பிரதம விருந்தினர் போல நடந்துபோய் ராசாவுக்குப் பக்கத்தில் இருந்தாய். மரமாக நின்ற நான் சிரித்து என் கிளைகள் ஆடின. நாடகம் எழுதிய அண்ணை அடுத்த நாளே அதைப் பிரதியில் சேர்த்துவிட்டார்.

அதைப் பார்க்கத்தான் போனேன். கடைசிக் காட்சி. ரிக்கற் எல்லாம் எப்போதோ முடிந்துவிட்டது. பதிவு செய்துவிட்டு எடுக்க வராதவர்களின் ரிக்கற்றை இரண்டரைக்கு வாசலில் கொடுப்பார்கள், வரிசையில் நிற்கிற ஆளுக்கு ஒன்றுதான் என்று சொன்னார்கள். மகனை மாமியிடம் விட்டுவிட்டு ஒரு மணிக்கே போய் நின்றேன். அவன் பிறந்து பத்து மாதத்தில் அவனில்லாமல் எங்கள் புத்தூரைத் தாண்டியது அன்றைக்குத்தான். பஸ்ஸில் இருந்து இறங்க முதலே மூன்று தரம் மாமிக்குப் போன் எடுத்துவிட்டேன்.

எனக்கு முன்னால் இருபது பேர் வரை நின்றார்கள். மதில் நிழல் முன்னுக்கு நின்றவர்களோடு முடிந்துவிட்டது. எனக்குப் பின்னால் உரும்பிராயில் இருந்து வந்த ஓர் அக்கா வந்து சேர்ந்தார். தன் குடையில் பாதியை என் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு, "தங்கச்சி, நீர் தனியவோ?" என்று கேட்டார்.

"இல்லை அக்கா. எனக்குப் பின்னாலை ஒராள் இருக்கிறா. என்ரை சிநேகிதி, வதனி எண்டு. வந்துகொண்டிருக்கிறா."

ஏன் அப்படிச் சொன்னேன் வதனி? யோசித்துச் சொல்லவில்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது. நாலு வருடமாகச் சாப்பாட்டு வரிசையிலும் நூலக வரிசையிலும் பஸ்ஸிலும் நான் இடம் பிடிக்கிறதும், நீ கடைசி நேரத்தில் வந்து புகுகிறதும்தானே எங்கள் வழக்கம். வாய் மட்டுமா? கையும் தன்பாட்டில் தோள் பையைக் கழற்றி எனக்குப் பின்னால் நிலத்தில் வைத்துவிட்டது. முன்பு செய்கிற மாதிரியே. உள்ளே மகனின் மாற்று உடுப்பு கிடந்தது.

"ஆ, அப்பிடியே" என்று அக்கா ஓரடி பின்னுக்குப் போனார். குடை மட்டும் பின்னுக்குப் போகவில்லை. கையை நீட்டிப் பிடித்துக்கொண்டே நின்றார். அந்த நேரத்திலேயே, "இல்லை அக்கா, பிழையாச் சொல்லிப்போட்டன்" என்று சொல்லியிருக்கலாம். பிறகு, "ஏன் சொன்னனீர்?" என்று கேட்டால் என்ன சொல்கிறது?

முன்னுக்கு நின்றவர்கள் நிழலுக்குள் நெருங்க நெருங்க நான் பையைக் காலால் தள்ளிக்கொண்டு போனேன். உன்னைத் தள்ளுகிற மாதிரி இருந்தது. அதற்கும் மன்னித்துக்கொள்.

ஒரு மணித்தியாலம் போக அக்காவுக்குப் பொறுமை முடிந்தது. "எங்கை பிள்ளை உம்மடை வதனி? கனடாவிலை இருந்தே வாறா?"

அவருக்குப் பின்னால் நின்ற ஒருவர், "பொறுங்கோ அக்கா, பிளேன் இப்பதான் பலாலியிலை இறங்கியிருக்கும்" என்றார். வரிசை முழுக்கச் சிரித்தது.

"அவ எப்பவும் பிந்தித்தான் வாறவ" என்றேன். அது ஒன்றுதான் அன்றைக்கு நான் சொன்ன உண்மை.

அப்போதுதான், "பெரியம்மா!" என்று ஒரு குரல் கேட்டது.

என்னை அப்படிக் கூப்பிடுகிறது உலகத்தில் ஒரே ஒரு பிள்ளைதான். நான் உன்னைவிட மூன்று மாதம் மூப்பு என்பதற்காக, உன் மகள் என்னை அன்ரி என்று கூப்பிடக்கூடாது, பெரியம்மா என்றுதான் சொல்லவேண்டும் என்று சட்டம் போட்டது நீதானே. ஆரணி நல்லாய் வளர்ந்துவிட்டாள். ஏழு வயது. முன்பல் இரண்டும் இல்லை. ஒரு கையில் கரன் அண்ணையைப் பிடித்திருந்தாள். மற்றக் கையில் மாலினியை.

இதை உனக்கு யார் சொல்லியிருப்பார்கள்? உன் கரன் போன ஆவணியில் மாலினியைக் கல்யாணம் செய்துவிட்டார். சுன்னாகத்துப் பிள்ளை. கோயிலில் தாலி கட்டி, இருபது பேருக்குச் சாப்பாடு. எனக்கும் சொன்னார்கள். மகனுக்கு ஊசி போட்டுக் காய்ச்சல் என்று சொல்லி நான் போகவில்லை. ஊசி போட்டது அதற்கு முதல் கிழமை. அதற்குப் பிறகு ஏழு மாதமாக உன் வீட்டுப் பக்கமே போகவில்லை. ஆஸ்பத்திரியில் நீ என் கையைப் பிடித்து, "ஆரணியைப் பாத்துக்கொள்" என்று சொன்னாயே, அந்த ஆள்தான் நான்.

கரன் அண்ணை வரிசையின் நீளத்தைப் பார்த்தார். "பின்னாலை போய் நிண்டாக் கிடைக்காது போலை கிடக்கு, சுபா. இவள் ரண்டு கிழமையா நரி, நரி எண்டு சோறும் ஒழுங்காத் தின்னுறாளில்லை. அம்மா ஆடின நாடகமாம். இண்டைக்குக் கடைசி நாள் எண்டு மாலினிதான் வெளிக்கிடுத்திக் கொண்டு வந்தவ."

நான் நிலத்தில் இருந்த பையைப் பார்த்தேன். உரும்பிராய் அக்கா என்னைப் பார்த்தார். பிறகு நாடியை நீட்டி மாலினியைக் காட்டினார். "உவவே உம்மடை சிநேகிதி?"

ஆரணி என் பைக்குப் பக்கத்தில் நின்று என்னை நிமிர்ந்து பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஓம்" என்றேன்.

பையைத் தூக்கினேன். மாலினி உன் இடத்தில் வந்து நின்றார்.

"வதனி, ஒருமாதிரி வந்து சேந்திட்டீர் பிள்ளை!" அக்கா விடவில்லை. "உமக்கு இடம் பிடிச்சு வைச்சு இவ பட்ட பாடு! இப்பிடி ஒரு சிநேகிதி எனக்கெண்டாக் கிடைக்கேல்லை."

கரன் அண்ணை நிலத்தைப் பார்த்தார். மோட்டச் சைக்கிளை நிழலில் விட்டுவிட்டு வருகிறேன் என்று போனவர் நாடகம் முடியும்வரை திரும்பி வரவில்லை. மாலினியின் முகம் ஒருக்கால் வெளுத்தது. திருத்துவார் என்று நினைத்தேன். இல்லை. "ஓம் அக்கா, சரியாப் பிந்திப்போச்சு" என்றார். அரை மணித்தியாலம் அவர் வதனியாகவே நின்றார். அக்கா கூப்பிடும்போதெல்லாம் திரும்பிப் பார்த்தார். உன் பெயருக்கு இன்னொருவர் திரும்புகிறதைப் பார்க்க எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்ததா? வந்த மாதிரியும் இருந்தது, வராத மாதிரியும் இருந்தது.

ஆரணி என் சட்டையை இழுத்து, காதுக்குள் கேட்டாள். "பெரியம்மா, வதனி எங்கடை அம்மாவின்ரை பேரெல்லோ?"

"ஓம் குஞ்சு."

"அப்ப ஏன் மாலினி அம்மாவை அப்பிடிக் கூப்பிடீனம்?"

"வரிசையிலை நிக்கேக்குள்ளை கதைக்கக்கூடாது" என்றேன். எவ்வளவு புத்தியான பதில் பார். இவ்வளவு படித்தும் அதுதான் வந்தது.

அந்த நேரம் பார்த்து மாமியின் போன். "பிள்ளை போத்தில் பாலைத் துப்புறான். ஒண்டுமில்லை, நீர் பயப்பிடாதையும். ஆறுதலா நாடகத்தைப் பாத்திட்டு வாரும்." இதைக் கேட்ட பிறகு எந்தத் தாய் ஆறுதலாக நாடகம் பார்க்கிறது?

மேசைக்கு வந்துவிட்டோம். எனக்கு ஒன்று தந்தார்கள். அடுத்ததை மாலினியிடம் கொடுத்த மனிசன் கொப்பியை மூடினார். "இதுதான் கடைசி. குறை நினைக்காதேங்கோ." உரும்பிராய் அக்கா நீட்டிய கை நீட்டியபடியே நின்றது. நான் அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை. வராத ஆளுக்கு நான் இடம் பிடித்திருக்காவிட்டால், அது அவருடைய ரிக்கற்.

இப்போது எங்கள் மூன்று பேருக்கு இரண்டு. நான் என்னுடையதை ஆரணியிடம் கொடுக்கப் போனேன். சத்தியமாகக் கொடுக்கத்தான் போனேன். மாலினி முந்திவிட்டார். தன்னுடையதைப் பிள்ளையின் கையில் வைத்தார்.

"நீங்கள் கூட்டிக்கொண்டு போங்கோ. இவளின்ரை அம்மா எந்த இடத்திலை நிண்டவ, என்ன செய்தவ எண்டு எனக்குக் காட்டத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்."

போனோம். நரியாக ஆடிய பிள்ளை கெட்டிக்காரி, ஆனால் நீ இல்லை. உன்னுடைய நரி கொஞ்சம் நொண்டும். வால் விழுந்தது. தூசி தட்டியது. தோளில் ஏறியது. மண்டபம் வெடித்துச் சிரித்தது. ஆரணி சிரிக்கவில்லை. கதிரை நுனிக்கு வந்து, "அம்மாவோ இப்பிடிச் செய்தவ?" என்று கேட்டாள்.

"ஓம். முதன்முதல் செய்தது உம்மடை அம்மாதான்."

"வேணுமெண்டு விழுத்தினவவோ, தவறி விழுந்ததோ?"

"தவறி விழுந்தது" என்றேன். மிச்சத்தைச் சொல்லவில்லை. அந்த வாலுக்கு முடிச்சுப் போட்டது நான். இறுக்கிப் போடவில்லை என்று எனக்கு அன்றைக்கே தெரியும். உன்னிடம்கூடச் சொல்லவில்லை. உனக்குத் தெரிந்திருந்ததா?

வெளியே வந்தால், மதிலோரத்தில் மாலினியும் உரும்பிராய் அக்காவும் ஒரே கடதாசிச் சரையில் கச்சான் கடலை உடைத்துத் தின்றுகொண்டு இருக்கிறார்கள். அக்காவுக்கு ஐந்து மணிக்குத்தான் பஸ்ஸாம். நான் கிட்டப் போய், "அக்கா, உங்கடை ரிக்கற்..." என்று தொடங்கினேன்.

"எனக்கு எல்லாம் சொல்லிப்போட்டா இவ." அக்கா கச்சான் கோதை ஊதினார். "வெளிநாட்டிலை இருக்கிற ஆக்களுக்கு இடம் பிடிக்கிறவையைப் பாத்திருக்கிறன். செத்த ஆளுக்கு இடம் பிடிச்ச ஆளை இண்டைக்குத்தான் பிள்ளை பாக்கிறன்."

அது பகிடியா, ஏச்சா? இரண்டுமா? எழும்பிப் போகும்போது என் தலையைத் தடவிவிட்டுப் போனார். அதற்கு என்ன அர்த்தம் என்றும் தெரியவில்லை.

அதற்குள் ஆரணி ஓடிவந்து மாலினியின் மடியில் விழுந்தாள். "அம்மா, வால் விழுந்தது அம்மா! அம்மா அதை எடுத்துச் சால்வை மாதிரிப் போட்டவவாம் அம்மா!"

எத்தனை அம்மா. அவளுக்கு ஒரு குழப்பமும் இல்லை, வதனி. எந்த அம்மா யார் என்று அவளுக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. குழம்பி நின்றது நான் ஒருத்திதான்.

கரன் அண்ணை மோட்டச் சைக்கிளை எடுத்துவரப் போன நேரத்தில், மாலினி என்னை ஒதுக்கமாகக் கூப்பிட்டார். "கன நாளா உங்களிட்டை ஒண்டு கேக்கவேணும் எண்டு இருந்தனான். அவ பிள்ளையை நித்திரையாக்கேக்குள்ளை ஒரு பாட்டுப் படிக்கிறவவாம். இவளுக்கு ராகம் மட்டும் நினைவிருக்கு, சொல்லு வருகுதில்லை. இரவிலை கேட்டு அழுவாள். இவருக்கும் தெரியாதாம். நீங்கள் சிநேகிதியெல்லோ, கட்டாயம் தெரிஞ்சிருக்கும் எண்டு..."

ஆரணி அந்த ராகத்தை முனகிக் காட்டினாள். பல்லில்லாத வாயால் பாதி காற்றாகத்தான் வந்தது. நான் காது கொடுத்துக் கேட்டேன். உன் செருப்பின் அளவு எனக்குத் தெரியும். உன் பரீட்சைச் சுட்டெண் தெரியும். நீ தேத்தண்ணிக்கு எத்தனை கரண்டி சீனி போடுவாய் என்று தெரியும். அந்தப் பாட்டுத் தெரியாது.

"பாத்துச் சொல்லுறன்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டேன்.

இன்றைக்கு நாலு நாள். எங்கள் வகுப்புக்காரர் எல்லோரிடமும் கேட்டுவிட்டேன். உன் அம்மாவுக்கும் போன் எடுத்தேன். "நான் அவளுக்கு அப்பிடி ஒண்டும் படிக்கேல்லையே பிள்ளை" என்று அழுதார். நீயாகக் கட்டிய பாட்டோ? சொற்கள் இருந்தனவா, இல்லாவிட்டால் வெறும் ராகம்தானா?

நான் உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். வருகிற ஞாயிறு உன் வீட்டுக்குப் போவேன். மகனையும் தூக்கிக்கொண்டு போவேன். அதற்குப் பிறகும் எல்லா ஞாயிறும் போவேன். மாலினியை மாலினி என்று கூப்பிடுவேன். வாலின் முடிச்சு யார் போட்டது என்று ஆரணியிடம் சொல்லுவேன். உன் இடத்தை நான் கொடுத்தேனா, இல்லாவிட்டால் அது முதலே கொடுபட்டுத்தான் இருந்ததா என்று இன்னும் எனக்கு விளங்கவில்லை. ஆனால் அந்த வீட்டுக்கு வெறுங்கையோடு போகக்கூடாது.

அந்தப் பாட்டின் முதல் அடி மட்டும் போதும், வதனி. மிச்சத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். கெதியாய்ப் பதில் போடு.

உன் மகளின் பெரியம்மா,
சுபா