யாரும் சாப்பிடாத உணவகம்

மார்ச் 4

அலுவலகத்தில் எல்லோரும் புதிதாக ஏதாவது கற்க வேண்டுமாம். எனக்கு வலைத்தளம் அமைக்கும் வகுப்பு விழுந்தது. முதல் பயிற்சி: இல்லாத ஓர் உணவகத்துக்குத் தளம். உணவுப் பட்டியல், சமையலர் அறிமுகம், வாடிக்கையாளர் கருத்துகள், மேஜை முன்பதிவு. உணவகம் மட்டும் வேண்டியதில்லை. பல உணவகங்களில் சமையல் தவிர எல்லாம் இருப்பதைப் பார்த்திருக்கிறேன், அதனால் ஆச்சரியப்படவில்லை.

மார்ச் 6

சமையலர் படத்துக்கு இடம் காலியாக இருந்தது. "டம்மியா ஏதாவது போடுங்க சார், காலியா விட்டா அசிங்கமா இருக்கும்" என்றார் பயிற்சியாளர். என் மகளைவிடச் சின்னப் பெண்.

மனைவி கரண்டியோடு நிற்கும் படம் ஒன்று ஃபோனில் இருந்தது. போட்டேன். பொருத்தமாகத்தான் இருந்தது.

மார்ச் 7

கருத்துகள் எழுதி முடித்தேன். வாழ்க்கையில் இவ்வளவு சரளமாக எதுவும் எழுதியதில்லை. "சூப்பில் நீந்தத் தெரிந்தவர்களுக்குக் காய்கறி கிடைக்கும்." "மீன் இரண்டாம் முறை இறந்திருக்கிறது." ஒவ்வொன்றுக்கும் ஒரு பொய்ப் பெயர், இரண்டு நட்சத்திரம். பயிற்சியாளர் வாய்விட்டுச் சிரித்தார். "நிஜ ஹோட்டல் மாதிரியே இருக்கு சார்!"

இன்று முழுக்க மிதந்தேன்.

மார்ச் 9

சின்னத் திரையில் பக்கம் சரியாகத் தெரிகிறதா என்று வேறொரு ஃபோனில் பார்க்க வேண்டுமாம். மச்சானுக்கு இணைப்பை அனுப்பினேன். மனைவியின் தம்பி; எதையும் தனக்குள் வைத்துக்கொள்ளும் பழக்கம் இல்லாதவன். இது எனக்கு இருபது வருடமாகத் தெரியும். இருந்தும் அனுப்பினேன்.

"பக்கம் சூப்பரா தெரியுது மாமா. அக்காவும் சூப்பரா தெரியுது. குடும்பக் குரூப்ல போட்டுட்டேன்."

மார்ச் 10

மனைவி எல்லாவற்றையும் படித்திருக்கிறாள். மேலிருந்து கீழ்வரை. நான் உள்ளே வந்ததும் ஃபோனைத் திருப்பிக் காட்டினாள்.

"இவங்கெல்லாம் யாரு?"

"யாரும் இல்லம்மா. பயிற்சிக்கு நானே எழுதினது."

"எல்லாரும் நீங்கதானா?"

"ஆமா."

"இத்தனை பேர்ல ஒருத்தருக்குக்கூடப் பிடிக்கலையா?"

  ஃபோனை வாங்கி மேஜைமேல் கவிழ்த்து வைத்தேன். அட, என்ன மனுஷன்டா நீ?

மார்ச் 11

தளத்தை நீக்கிவிட்டேன். மனைவியின் பெரியம்மா மகள் எல்லாவற்றையும் படம் பிடித்து வைத்திருக்கிறாள். மீன் பற்றிய வரியை அவள் மகன் நடித்துக் காட்டுகிறானாம்.

மார்ச் 14

இரவல் படம் போட்டு மறுபடி ஏற்றினேன். கருத்துகளையும் மாற்றினேன்: எல்லாருக்கும் ஐந்து நட்சத்திரம், எல்லாரும் விரல் சப்பினார்கள். பயிற்சியாளர் முகம் சுளித்தார். "இப்போ பொய் மாதிரி இருக்கு சார். முன்னாடி இருந்ததுல ஒரு உண்மை இருந்துச்சு."

வீட்டில் அவளிடம் காட்டினேன்.

"இதையும் நீங்கதானே எழுதினீங்க" என்றாள். கோபம் இல்லை. கோபம் இருந்திருக்கலாம்.

மார்ச் 19

சாப்பாடு நேரத்துக்கு வருகிறது. குறையே இல்லை. முன்பெல்லாம் முதல் வாய் எடுக்கும்வரை என் நாற்காலிக்குப் பின்னால் நிற்பாள். எனக்கு அது எரிச்சலாக இருக்கும். இப்போது பரிமாறிவிட்டுப் போய்விடுகிறாள்.

மார்ச் 23

வகுப்பு முடிந்தது. சான்றிதழ் தந்தார்கள். அலுவலகத்தில் கைதட்டினார்கள்.

ஏப்ரல் 2

மாடியில் புதிதாகக் குடிவந்த செவிலியர் ராத்திரி வேலைக்குப் போகிறார். மனைவி அவருக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறாள் போலிருக்கிறது. எனக்குச் சொல்லவில்லை. தம்பியோடு ஃபோனில் பேசியது காதில் விழுந்தது:

"இன்னும் கொஞ்சம் வேணும்னு கேட்டாங்கடா. திரும்பச் சமைக்கணுமேன்னு கீழே ஓடி வந்தேன்..." சிரிப்பு. அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று.

என் பங்கு மேஜைமேல் மூடியிருந்தது. உட்கார்ந்து சாப்பிட்டேன். மிக நன்றாக இருந்தது. சொல்லலாமென்று எழுந்து அறைவரை போனேன். கதவு திறந்துதான் இருந்தது, அவள் பேசிக்கொண்டிருந்தாள். தட்டைக் கழுவி வைத்தேன்.