ஒரு மணி டப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நாங்கள் இருவரும் இங்கே நலம். வெறுமனே நலம் என்று எழுதினால் நீ நம்ப மாட்டாய், அதனால் எடையோடு எழுதுகிறேன். அம்மா இன்று காலை முப்பத்தொன்பதரை கிலோ, நான் அறுபத்தொன்று. நீயும் அந்த ஊர்க் குளிரில் காதை மூடிக்கொண்டு ஒழுங்காக வேலைக்குப் போய்வருகிறாய் என்று நம்புகிறேன். போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். போனில் பேசினால் அம்மா பக்கத்தில் படுத்துக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள், நான் செய்த முட்டாள்தனத்தை அவள் முன்னால் இன்னொரு தடவை சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது, அதுதான்.

முதலில் நீ கேட்ட டின் பவுடர் விஷயம். பக்கவாதம் வந்து அம்மாவுக்கு விழுங்க முடியாமல் போய், வயிற்றில் குழாய் போட்டு வீட்டுக்கு அனுப்பினார்களே, அப்போது முதல் மாதம் முழுக்க அந்த டின்னைத்தான் கரைத்து ஊற்றினேன், மூன்று நாளுக்கு ஒரு டின். இரண்டாம் மாதம் மருந்துக்கடைக்காரர் விலை ஏறிவிட்டது என்று போன் செய்தார். நான் அம்மாவின் கட்டில் பக்கத்திலேயே நின்றுகொண்டு, எப்போதும் போல வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், இந்த விலைக்கு வாங்குனா நான் பட்டினிதான் கிடக்கணும் என்று அவரிடம் சொல்லிச் சிரித்தேன். அதை நினைவில் வைத்துக்கொள், பின்னால் வரும். அந்த வாரமே ஆஸ்பத்திரி டயட்டீஷியனிடம் போய், நீ அனுப்புவதிலும் என் பென்ஷனிலும் இது கட்டுப்படியாகாது என்று உள்ளதைச் சொன்னேன். அந்த அம்மாள் ஒன்றும் முகம் சுளிக்கவில்லை. இதுக்கு ஏன் இவ்வளவு யோசிக்கிறீங்க, நீங்க சாப்பிடுற சாமான்தான், அரைக்கத் தெரியணும் அவ்வளவுதான் என்று சொல்லி ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்.

குழைய வேகவைத்த அரிசி, பருப்பு, கேரட், அவித்த முட்டை, பால், கொஞ்சம் எண்ணெய், கொஞ்சம் சர்க்கரை. எல்லாம் கிராம் கணக்கில் எழுதியிருந்தது, நம் தராசை அடுப்படிக்கே கொண்டுவந்துவிட்டேன். மிக்ஸியில் மைய அரைத்து இரண்டு தடவை வடிகட்ட வேண்டும், ஒரு கேரட் நார் தப்பினாலும் குழாய் அடைத்துக்கொள்ளும், எனக்கு ஒரு தடவை அடைத்தது, வெதுவெதுப்பான தண்ணீரை மெல்ல உள்ளே விட்டு வெளியே இழுத்து அது திறப்பதற்குள் எனக்கு உயிர் போய் வந்தது. காலை ஏழில் தொடங்கி மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை, ஒரு தடவைக்கு ஒரு பெரிய டம்ளர், தலைமாட்டை உயர்த்தி வைத்து, முனைக் கம்பி இல்லாத பெரிய ஊசியின் பிஸ்டனைக் கழற்றிவிட்டு அதன் கூட்டை மட்டும் குழாயில் மாட்டி, தானாக இறங்க விட வேண்டும். அழுத்தக் கூடாது. முன்னும் பின்னும் தண்ணீர். அரைத்ததை வெளியே வைத்திருக்கக் கூடாது, ஃப்ரிட்ஜில் வைத்தாலும் மறுநாள் ஆகாது. உன் தோழியின் அப்பாவுக்கும் குழாய் போட்டிருக்கிறது என்றாயே, இதை அப்படியே படித்துக் காட்டிவிடாதே, இது உன் அம்மாவின் உடம்பைப் பார்த்து அவளுக்கென்று எழுதியது, அவர்கள் அவர்களுடைய டாக்டரிடமே எழுதி வாங்கட்டும்.

இப்படி ஒரு மாதம் நன்றாகத்தான் போனது, பிறகுதான் வந்தது வம்பு. பகல் ஒரு மணிக்கு ஊற்றப் போனால் அம்மா வலது கையால் குழாய் முனையைப் பிடித்து மடக்கிக்கொள்வாள். ஏழுக்கும் பத்துக்கும் பேசாமல் வாங்கிக்கொள்வாள், நாலுக்கும் சரி, அந்த ஒரு மணி மட்டும் ஆகாது. ஏன் என்று கேட்டால் கண்ணை மூடிக்கொள்வாள். அவள் பேச்சுதான் இப்போது குழறலாச்சே, கோபம் வந்தால் அதுவும் கிடையாது, உனக்குத் தெரியாததா. எனக்கோ மெஷின்காரன் புத்தி, ஓடாவிட்டால் எதையாவது திருகிப் பார்க்கத்தான் தோன்றும். முட்டை ஒத்துக்கொள்ளவில்லையோ என்று முட்டையை எடுத்தேன், பால் உப்புசமோ என்று பாலைக் குறைத்தேன், கெட்டியோ என்று தண்ணீர் விட்டேன். யாரிடமும் கேட்கவில்லை. நாற்பத்தொரு கிலோவாக இருந்தவள் முப்பத்தேழுக்கு வந்துவிட்டாள். டயட்டீஷியன் என்னைப் பிடித்துக் காய்ச்சி எடுத்துவிட்டார், யாரைக் கேட்டு முட்டையை எடுத்தீங்க, இன்னும் ஒரு கிலோ இறங்கினால் அட்மிஷன்தான், இந்த உடம்பு அடுத்த காய்ச்சலைத் தாங்காது என்றார். அன்று பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டே வந்தேன். உன்னிடம் போனில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொன்னது அன்றைக்குத்தான், மன்னித்துக்கொள்.

நான் எங்கே சாப்பிட்டேன் என்பதையும் இப்போது சொல்லிவிட வேண்டும். வாயால் ஒரு பருக்கை இறங்காதவள் எதிரில் உட்கார்ந்து மென்று தின்ன எனக்கு மனம் வரவில்லை. அதனால் காலையும் இரவும் அவள் கண்ணயர்ந்த பிறகு ஏதாவது போட்டுக்கொள்வேன், பகலில் அவளுக்கு ஊற்றுவதற்கு முன்பே அடுப்படிக் கதவைச் சாத்தி நின்றபடியே நாலு வாய் விழுங்கிவிட்டு, கையைக் கழுவி, வாசனை போக ஜன்னலைத் திறந்துவிட்டுத்தான் வருவேன். எப்போதாவது அவள் வாயைக் குவித்துச் சாடை காட்டிக் கேட்டால் சாப்பிட்டாச்சு சாப்பிட்டாச்சு என்று வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொல்வேன். ரொம்ப நாசூக்காக நடந்துகொள்வதாக எனக்கு நினைப்பு.

போன மாதம் ஒரு நாள் காலையில் அரைத்து முடித்ததுமே மிக்ஸி நின்றுவிட்டது. மிக்ஸிக்காரர் உடனே வந்து மோட்டாரைக் கழற்றிப் போட்டவர், ஒரு மணி வரைக்கும் முடிக்கவில்லை. நல்ல மனிதர், வாய் ஓயாது. கையைக் கழுவிக்கொண்டு, ஃபேன் இருக்கிற அறை என்று நேராக அம்மாவின் அறைக்குப் போய், கட்டில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, தன் டப்பாவைத் திறந்து, வாங்கக்கா சாப்பிடலாம் என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. குழாயோடு படுத்திருப்பவளிடம் கேட்கிற கேள்வியா இது, சட்டையைப் பிடித்து வெளியே தள்ளலாம் என்று ஓடினேன். பார்த்தால் அம்மா குழாயை மடக்கிப் பிடித்திருந்த கையை விட்டுவிட்டு ஊசியைக் காட்டுகிறாள். காலையிலேயே அரைத்து ஃப்ரிட்ஜில் வைத்திருந்ததை வெதுவெதுப்பாக்கி எடுத்து வந்து மாட்டினேன். அவர் ரொட்டியும் உருளைக்கிழங்கும் தின்றுகொண்டு ஊர்க்கதை பேச, அம்மாவுக்கு ஒரு சொட்டு பாக்கியில்லாமல் இறங்கியது. முடிந்ததும் என் பக்கம் திரும்பி, குழறிக் குழறி, உங்க டப்பா எங்க என்று கேட்டாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது பாப்பா. நானும் அம்மாவும் வேலை செய்த புத்தக பைண்டிங் பட்டறைச் சட்டம் உனக்கு நினைவிருக்கும், பள்ளி லீவில் வந்து உட்கார்ந்திருக்கிறாயே. ஒரு மணிக்கு மெஷின் நின்றதும் பதினாறு டப்பாவும் நடு மேஜைக்கு வர வேண்டும், கடைசி டப்பா திறக்கிற வரைக்கும் யாரும் முதல் வாய் வைக்கக் கூடாது. அந்தச் சட்டத்தைப் போட்டவளே உன் அம்மாதான். புதிதாக வந்த ஒரு மடிப்புக்காரப் பெண் தினமும் ஒரு மணிக்குக் காகிதக் கட்டுக்குப் பின்னால் போய்விடுவாள், கேட்டால் சாப்பிட்டாச்சு என்பாள், அம்மா போய்ப் பார்த்தால் டப்பாவில் ஒன்றுமே இருக்காது. ஒளிந்து சாப்பிடுகிறவரிடம் சாப்பாடு இல்லை என்பதுதான் அன்றிலிருந்து அவள் கணக்கு. நான் கதவைச் சாத்தியதும், சாப்பிட்டாச்சு என்றதும், பட்டினிதான் கிடக்கணும் என்று கடைக்காரரிடம் சிரித்ததும் எல்லாம் சேர்ந்து, தன் சாப்பாட்டுக்கே காசையெல்லாம் போட்டுவிட்டு நான் வெறும் வயிற்றோடு கிடக்கிறேன் என்று முடிவே கட்டிவிட்டாள். வாயைத் திறந்து கேட்க வேண்டியதுதானே என்றேன். கேட்டா பொய்தான சொல்லுவீங்க, நான் ஒரு வேளை விட்டா உங்களுக்கு ஒரு வேளை ஆகும்ல என்றாள். அவள் எனக்கென்று விட்டதை எல்லாம் நான் தினமும் தொட்டியில் கொட்டிக் கழுவியிருக்கிறேன். மிக்ஸிக்காரர் இருக்கிறார் என்றுகூடப் பார்க்காமல் அழுதுவிட்டேன், அந்த மனிதரும் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு என்ன ஏது என்று தெரியாமல் கூட அழுகிறார்.

இப்போது முட்டையும் பாலும் தாளில் உள்ளபடியே திரும்பிவிட்டன, எதையும் திருகுவதில்லை. ஒரு மணிக்கு என் பழைய டப்பாவை அவள் கண்ணெதிரே திறந்து, சாய்த்துக் காட்டி, அவள் தலையாட்டிய பிறகு ஊசியை உயர்த்திப் பிடிக்கிறேன். ஒரு கையில் ஊசி, ஒரு கையில் ஸ்பூன், இருவருக்கும் இருபது நிமிடத்தில் முடிகிறது. நேற்று அவள் டப்பாவை எட்டிப் பார்த்துவிட்டு இவ்வளவு சோறு எதுக்கு, தொப்பை வைக்கும் என்றாள். நல்ல குணம் திரும்பிவிட்டது என்று எடுத்துக்கொண்டேன். விழுங்கும் பயிற்சிக்கு அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்கிறார்கள், ஆகும் என்றும் சொல்லவில்லை, ஆகாது என்றும் சொல்லவில்லை, போய்ப் பார்ப்போம்.

நீ கவலைப்பட்டு லீவு போட்டு ஓடி வராதே. டின் அனுப்பாதே, வெளியூர் போகிற நாளுக்கென்று இரண்டு இருக்கிறது, போதும். சம்பளத்தில் உனக்கென்று கொஞ்சம் வைத்துக்கொள். ஒன்றே ஒன்று. வீடியோவில் கூப்பிடும்போது நீயும் தட்டைக் கீழே இறக்கி வைத்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, சாப்பிட்டாச்சும்மா என்கிறாய். அம்மா பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள். நமக்கு ஒரு மணி என்றால் உனக்குக் காலைச் சாப்பாட்டு நேரம், ஞாயிற்றுக்கிழமை அந்த நேரத்துக்குக் கூப்பிடு. நோய் நொடி இல்லாமல், நினைத்தது கைகூடி, நீ நன்றாக இருக்க வேண்டும் என்பது எங்கள் இருவர் ஆசியும். கீழே அம்மா ஒரு வரி எழுத வேண்டும் என்று பேனாவைப் பிடுங்குகிறாள், எழுத்து கோணலாக இருந்தால் திட்டாதே.

இப்படிக்கு,
உன் அப்பா

பாப்பா, உன் டப்பாவையும் திறந்து காட்டு. அதுவரைக்கும் நாங்கள் தொட மாட்டோம். அம்மா.