முனிசாமி மாமா தண்ணீர் விட்ட சுவர்

காஞ்சிபுரம்
கார்த்திகை 9

அன்பு மகள் சத்யப்ரியாவுக்கு,

காமாட்சி புண்ணியத்தில் நானும் அப்பாவும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் அந்தக் குளிரில் சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினம் விளக்கேற்றும்போது கேட்டுக்கொள்கிறேன். வாரம் மூன்று முறை போனில் முகம் பார்க்கிற காலத்தில் அம்மாவுக்கு எதற்குக் கடிதம் என்று சிரிப்பாய். உன் முகத்தைப் பார்த்தால் சாப்பிட்டாயா, ஸ்வெட்டர் போட்டாயா என்று பேச்சை மாற்றிவிடுகிறேன், மூன்று வாரமாக இதே கதைதான். எழுத்தில் என்றால் ஓட முடியாது பார்.

பின் வீட்டு முனிசாமி மாமா தவறிப்போனதை அப்பா சொன்னார், எப்படி என்று நீ கேட்டதற்கு வயசுதானே என்று மழுப்பினார். நடந்தது அது இல்லை. வாதம் வந்த காலை இழுத்துக்கொண்டு, ஐப்பசி முதல் மழையில், விடியற்காலை தோட்டக் கோடியில் இருக்கும் கக்கூஸுக்குப் போனவர் பாசியில் வழுக்கி விழுந்தார், இடுப்பு எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் எட்டாம் நாள் போய்விட்டார். அவர் வெளியே போகாமல் இருக்கத்தான் வீட்டோடு சேர்த்துக் கழிப்பறை வைத்து ஓர் அறை கட்ட ஆரம்பித்தார்கள். அது மார்பளவுச் சுவராகவே நின்றுபோனதும் உனக்குத் தெரியும். ஏன் நின்றது என்பதை மட்டும் இத்தனை நாளாக நான் உன்னிடம் சொல்லவில்லை.

கல்லூரிக் கடைசி வருடத்தில் பாரம்பரியக் கண்காட்சிக்கு ஒரு படம் எடுத்தாயே, மாமா ஸ்டூலில் உட்கார்ந்து புதுச் சுவருக்கு டியூபில் தண்ணீர் விடுகிறார், அவருக்குப் பின்னால் கல் கோயிலின் கோபுரம் பாதி தெரிகிறது. கீழே ‘கோயிலை மறைக்கும் ஆக்கிரமிப்பு’ என்று எழுதியிருந்தாய். முதல் பரிசு வாங்கி, நீ மியூசியப் படிப்புக்கு வெளிநாடு புறப்பட்ட வாரம் பேப்பரிலும் வந்தது. நான் பூரித்துப்போய் வெட்டி வைத்தேன். பத்து நாள் கழித்துக் கோயிலுக்கு இத்தனை அடிக்குள் கட்டக் கூடாது என்று நோட்டீஸ் கொண்டுவந்தவரின் ஃபைலில் அதே பேப்பர்த் துண்டு குத்தியிருந்தது. நான் பார்த்தேன், புருஷன் பக்கத்தில் நின்ற அம்சவேணி அத்தை பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து, நான் வெட்டி வைத்திருந்ததைப் பீரோவில் புடவைக்கு அடியில் ஒளித்தவள் நான்தான், அப்பாவையும் பேசவிடவில்லை. அதற்கப்புறம் என்ன குழம்பு வைத்தாலும் ஒரு தூக்கில் ஊற்றி அத்தைக்குக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். குழம்பு ஊற்றினால் பாவம் கரையுமா சொல்.

கோயிலைக் காப்பாற்ற வேண்டும் என்று நீ நினைத்ததைத் தப்பு என்று நான் சொல்லவில்லை, சட்டமும் அப்படித்தான் என்கிறார்கள். ஆனால் மூன்று தலைமுறையாகப் பட்டா வைத்துக்கொண்டு அங்கேயே இருக்கிறவர்களை ஆக்கிரமிப்பு என்ற அந்த வார்த்தை சொல்லியிருக்க வேண்டாம். உன்னை மடியில் உட்கார வைத்து அந்தக் கோபுரத்தைக் காட்டிச் சோறு ஊட்டியவர் அவர்.

போன வாரம் உன் கல்லூரியிலிருந்து நாலு பெண்கள் அந்தப் படத்தோடு வந்தார்கள். சரித்திரத் துறையில் ஒரு மியூசியம் அறை திறக்கிறார்களாம், எதை வைப்பது என்று பிள்ளைகளே முடிவு செய்யலாமாம். பரிசு வாங்கிய படத்தை வாசலிலேயே மாட்டலாம் என்று எல்லோரும் சொல்ல, தேவிப்ரியா என்ற பெண் மட்டும் மறுத்திருக்கிறாள். என்னிடம் சொன்னாள், ‘ராஜா பேரெல்லாம் கல்வெட்டு பார்த்துக் கண்டுபுடிக்கிறோம், இவரு பேரு எங்களுக்கே தெரியல ஆன்ட்டி, அது தெரியாம மாட்டக் கூடாதுன்னு சண்ட போட்டுக்கினு வந்திருக்கோம்’ என்று. நான் எதையோ சொல்லி அனுப்பிவிடப் பார்ப்பதற்குள் அத்தை பின்கட்டிலிருந்து வந்து படத்தை வாங்கிக்கொண்டாள்.

முதலில் மாமாவின் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் கீழே இருந்த வரியைப் படித்தாள், அதற்கும் கீழே இருந்த உன் பெயரைப் படித்தாள். என்னைப் பார்த்தாள். ‘இந்தப் படத்தைப் பார்த்துத்தான் நோட்டீஸ் வந்தது, எனக்குத் தெரியும் அம்சா’ என்று மட்டும் சொன்னேன். அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் புரியாமல், கீழே இருப்பதை எடுத்துவிட்டு என்ன எழுதலாம் என்று அத்தையிடமே கேட்டுவிட்டாள். அத்தை படத்தை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பிடித்துப் பார்த்தாள். பிறகு சொன்னாள், ‘முனிசாமி, தண்ணி வுட்டுக்கினு இருக்காருன்னு எழுதும்மா. அதானே செய்யறாரு.’

கருமாதிக்கு ஆதார் அட்டைப் படத்தைப் பெரிதாக்கித்தான் வைத்திருந்தார்கள், அதில் அவர் சாயலே இல்லை. இப்போது அந்தப் பெண்கள் கொடுத்த படத்தை, அடியில் இருந்த எழுத்தைக் கத்தரித்துவிட்டு, சட்டம் போட்டுப் பூ வைத்திருக்கிறாள். அதற்குப் பிறகு அத்தை நம் வீட்டுக்கு வரவில்லை. மறுநாள் வத்தக் குழம்பு அனுப்பினேன். தூக்கு கழுவி, காலியாகத் திரும்பி வந்தது. மாமாவை ஆஸ்பத்திரியில் வைத்திருந்தபோதுகூட ஒரு பிடி முருங்கைக் கீரையாவது போட்டுத்தான் அனுப்பினாள் சத்யா. அன்றைக்கு நான் அழுதது அப்பாவுக்குக்கூடத் தெரியாது.

இதை உன்னிடம் சொல்ல வேண்டாம், படிக்கிற பிள்ளை மனசு உடைந்துவிடும் என்கிறார் அப்பா. உடையட்டும் என்றுதான் எழுதுகிறேன். நாளைக்கு நீ பெரிய மியூசியத்தில் வேலைக்கு நின்று ஊரார் பொருளுக்கெல்லாம் கீழே வரி எழுதப் போகிறவள். கல்லூரியில் அந்த வரியை மாற்ற உன் சம்மதம் வேண்டுமாம், உடனே எழுதிக் கொடுத்துவிடு.

காமாட்சி உன்னைக் கைவிட மாட்டாள், தீர்க்காயுசாக இரு. தலைக்கு எண்ணெய் வைக்க மறக்காதே. அத்தைக்குப் போன் செய்யாதே, உன் கையால் எழுது, மன்னிப்பாள் என்று எதிர்பார்த்து எழுதாதே. நான் இன்றைக்கும் தூக்கில் ரசம் ஊற்றி அனுப்பியிருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
கு. கலாவதி