மேப்பிள் மரத்துப் பொந்து

விஸ்கான்சின்,
செப்டம்பர் 14, 1986.

அன்புத் தங்கை மார்லிஸுக்கு,

அக்கா வெர்னா எழுதுவது. உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. கரின் மறுபடி பள்ளிக்கூடம் போகிறாள், அரை நாள்தான் உட்கார முடிகிறது என்று அறிந்தேன். பென்சிலைக் காட்டினால் பெயர் வராமல் தவிக்கிறாள் என்று எழுதியிருந்தாயே, அந்த வரியைத் தாண்ட எனக்கு ஒரு நாள் ஆயிற்று. வலிப்பு நின்றுவிட்டதே என்று மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதே. ஓரிகனில் மழை தொடங்கியிருக்கும். அவளுக்குச் சளி பிடிக்காமல் பார்த்துக்கொள்.

இங்கே முதல் பனி விழுந்துவிட்டது. இனி கொசு இல்லை. எங்கள் சுகாதார அலுவலகத்தில், கொசு வளரும் மரப்பொந்துகளை அடைக்கும் வேலையை நிறுத்திவிட்டார்கள். சிமென்ட் பூசுகிற ஆர்வில் இடுப்பு வலியோடு வீட்டில் கிடக்கிறார்.

கடிதத்தில் எனக்கு நன்றி சொல்லியிருக்கிறாய். "நீ இல்லேன்னா என் பொண்ணே இல்லக்கா" என்று எழுதியிருக்கிறாய். இங்கே அவளுக்குக் காய்ச்சல் கண்டபோது டாக்டர் வெயில் தாக்கியது என்றார். நான்தான், இல்லை, இது மரப்பொந்துக் கொசுவின் மூளைக்காய்ச்சல், ரத்தத்தைச் சோதியுங்கள் என்று பிடிவாதம் பிடித்தேன். அது உண்மைதான். சர்ச்சில்கூட என்னை எழுப்பி நிறுத்திப் புகழ்ந்தார்கள். எனக்கு ஏன் அவ்வளவு சீக்கிரம் தெரிந்தது என்று ஒருத்தரும் கேட்கவில்லை, மார்லிஸ். நீயும் கேட்கவில்லை.

என் வேலை உனக்குத் தெரியும். பொந்துகளில் தேங்கிய தேநீர் நிறத் தண்ணீரை, வான்கோழி மேல் சாறு ஊற்றுவோமே அந்த ரப்பர் குமிழ்க் குழாயால் உறிஞ்சி எடுப்பேன். அதிலிருக்கும் புழுக்களை நுண்ணோக்கியில் வைத்து, வாலிலுள்ள மூச்சுக்குழாயையும் மயிரையும் பார்த்து, இன்ன கொசு என்று எழுதுவேன். ஆளைக் கடிக்கிற இனம் என்றால் ஆர்வில் போய் அந்தப் பொந்தை அடைத்துவிடுவார். பொடிப் புழுக்களை இனம் பிரிக்க முடியாது, எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். மூன்று தடவை தோல் உரிக்கும்வரை இலைத்தண்ணீரில் வளர்த்துத்தான் பெயர் எழுத வேண்டும். வேலைக்கு வருகிற ஒவ்வொருத்தியிடமும் இதைச் சொல்லி உயிரை எடுப்பவள் நான்.

ஜூன் மாதம் என் வீட்டு மேப்பிள் பொந்திலேயே தண்ணீர் எடுத்தேன். ஒன்பது புழுக்கள். மூன்று பெரியவை, நல்ல சிவப்பு. அந்த இனம் எங்கள் பக்கம் அபூர்வம், பறவையைத்தான் கடிக்கும், ஆளைத் தொடாது. எனக்குத் தலைகால் புரியவில்லை. மற்ற ஆறும் பொடிசுகள். மறுநாள் கோடை விடுமுறைக்கு வரும் கரினைக் கூட்டிவர விமான நிலையம் போக வேண்டும், ஆறையும் யார் உட்கார்ந்து வளர்ப்பது? இதுகளும் அதே கூட்டம்தான் என்று ஒன்பதுக்கும் ஒரே பெயரை எழுதி மூடி வைத்தேன். இருபத்திரண்டு வருடத்தில் அப்படி நான் எழுதியது அந்த ஒரு தடவைதான்.

"ஊர்ல எல்லா மரத்தையும் அடைச்சாச்சு, உன் மரத்துக்கு மட்டும் மந்திரி சிபாரிசா வெர்னா?" என்று ஆர்வில் கிண்டல் செய்தார். என் மரத்தை எனக்குத் தெரியாதா, போய்யா, என்றேன். கரின் அதன் நிழலில்தான் கோடை முழுக்க விளையாடினாள். கையெல்லாம் தடிப்பு. கொசு கடித்தால் தடிக்கத்தானே செய்யும் என்று எண்ணெய் தடவிவிட்டேன். அவளுக்கு வலிப்பு வந்த அன்றுதான், பார்க்காமலே பெயர் எழுதிய அந்த ஆறு பொடிசுகள் என் கண்முன் வந்தன.

அவளை நீ வந்து கூட்டிப்போன மறுநாள் அந்தப் பொந்தை வழித்து எடுத்தேன். நாற்பத்து மூன்று புழுக்கள். நான்குதான் சிவப்பு. மற்றதெல்லாம் எந்தக் கொசுவைத் தேடி ஊரெல்லாம் அலைந்தேனோ, அதே கொசு. அலுவலகத்தில் சொல்லிவிட்டேன், வேலையையும் விட்டுவிட்டேன். உன்னிடம் சொல்லத்தான் இத்தனை நாள் தைரியம் வரவில்லை. நீ என்னைத் திட்டு. இனி முகத்தில் விழிக்காதே என்றாலும் சரி. நன்றி மட்டும் சொல்லாதே, தாங்க முடியவில்லை.

இன்னும் ஒன்று இருக்கிறது. இதை இரண்டு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். ஜூலையில் ஆர்வில் சிமென்ட் வாளியோடு வந்தபோது, எதற்கு வம்பு, அடைத்துவிடுங்கள் என்றுதான் நான் சொன்னேன். கரின் ஓடிவந்து மரத்தைக் கட்டிக்கொண்டாள். "வேணாம் பெரியம்மா, பாவம், உள்ள சிவப்புக் குட்டிங்க இருக்கு பெரியம்மா. கடிக்காதுன்னு நீங்கதானே சொன்னீங்க" என்று அழுதாள். நான் ஆர்விலைத் திருப்பி அனுப்பிவிட்டேன்.

இப்போது அவளுக்கு அது ஞாபகம் இல்லை என்று நினைக்கிறேன். வளர்ந்தபின் ஞாபகம் வந்து, தன்னால்தான் என்று அவள் நினைத்துவிட்டால், உனக்கு ஏழு வயசுதான், பெரியம்மாவுக்கு எல்லாம் தெரியும், பெரியம்மாதான் தப்புப் பண்ணினாள் என்று நீ சொல்ல வேண்டும். என்மேல் எவ்வளவு வெறுப்பு இருந்தாலும் இதை மட்டும் எனக்காகச் செய்.

குழந்தைக்கு என் முத்தம். கடவுள் அவளுக்கு எல்லா வார்த்தையையும் திருப்பிக் கொடுக்கட்டும். அந்த ஒரு நாள் மட்டும் திரும்பி வராமலே போகட்டும்.

உன் அக்கா,
வெர்னா